சிம்ஸ் 4-இல் அறையை அப்படியே காட்டும் நிலைக்கண்ணாடி செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

தி சிம்ஸ் 4 விளையாட்டுக்கு ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்றைப் பித்தளைச் சட்டத்தோடு செய்து முடிப்பது வரையான படிகள் இங்கே இருக்கின்றன. பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் ஒரு பொருளைத் திருப்பவும் வெட்டவும் தெரிந்தவர்களுக்கு இந்த அளவு விளக்கம் போதும். இந்த வேலையில் படிகளின் வரிசைதான் முக்கியம். புதியவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை, பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்வதால் வருபவை.

1. எந்தப் பிரதிபலிப்பு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சிம்ஸ் 4-இல் ஒரு மரச்சாமான் இரண்டு விதமாகப் பளபளக்கும். ஒன்று மினுக்கம். விளக்கொளி பட்டால் மின்னும், ஆனால் எதிரே இருக்கும் சோபாவையோ ஆளையோ காட்டாது. எந்த இடம் எவ்வளவு மின்ன வேண்டும் என்று குறிக்கும் ஸ்பெகுலர் மேப் என்ற படம் இதற்குப் போதும்.

இன்னொன்று உண்மைக் கண்ணாடி. அறையில் நடப்பதை அப்போதைக்கப்போதே காட்டும். இது விளையாட்டில் ஏற்கெனவே இருக்கும் கண்ணாடிப் பொருள்களுக்கென்று உள்ள தனி மெட்டீரியலால், அதாவது பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பால் நடப்பது. படத்தில் எவ்வளவு வெள்ளை பூசினாலும் இது வராது.

மெருகேற்றிய மேசைப் பலகைக்கு மினுக்கமே போதும். புதிய பொருளை, விளையாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மூலப் பொருளை நகலெடுத்துத்தான் செய்கிறோம். மேசைக்காகக் கண்ணாடியை நகலெடுத்து மேசை வடிவம் கொடுக்காதீர்கள். பொருளின் பயன்பாடு மெஷ்ஷில் (அதன் முப்பரிமாண வடிவத்தில்) இல்லை, மூலப் பொருளின் ட்யூனிங்கில் (அது எப்படி நடந்துகொள்ளும் என்ற அமைப்பில்) இருக்கிறது. அப்படிச் செய்த மேசையில் தட்டு வைக்க முடியாது. அதைச் சொடுக்கினால் பேச்சுப் பயிற்சி போன்ற கண்ணாடிக்குரிய செயல்கள்தான் வரும்.

நாம் செய்யப்போகும் நிலைக்கண்ணாடியில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. தளம் உண்மைக் கண்ணாடி, சட்டம் மினுக்கம்.

2. கையில் இருக்க வேண்டியவை

- கணினியில் நிறுவிய தி சிம்ஸ் 4. கன்சோலில் இப்படிப்பட்ட பொருள்களைச் சேர்க்க முடியாது.
- சிம்ஸ் 4 ஸ்டூடியோ. விளையாட்டின் பொருள்களை நகலெடுத்து மாற்ற உதவும் மென்பொருள் இது. முதல்முறை திறந்ததும் படைப்பாளர் பெயரை நிரப்புங்கள். பிளெண்டர் நிறுவப்பட்டிருக்கும் இடத்தையும் அமைப்புகளில் காட்டுங்கள்.
- உங்களிடம் உள்ள ஸ்டூடியோ பதிப்பு ஏற்கும் பிளெண்டர் பதிப்பு. புதியதுதானே நல்லது என்று கடைசிப் பதிப்பை இறக்கிவிட்டு, மெஷ் உள்ளே போகவில்லையே என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. ஸ்டூடியோ எதைச் சொல்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
- கிம்ப் அல்லது ஆல்ஃபா சானலை (சிவப்பு, பச்சை, நீலத்தோடு படத்தில் வரும் நான்காவது அடுக்கை) கையாளும் வேறு பட மென்பொருள்.

வேலைக்கென்று ஒரு கோப்புறை திறந்து அதற்குள் ‘மூலம்’, ‘வேலை’, ‘சோதனை’ என்று மூன்றாகப் பிரியுங்கள். ஏற்றுமதி செய்த மூல மெஷ்ஷை ‘மூலம்’ கோப்புறையிலேயே தொடாமல் வைத்திருங்கள். பாதி வழியில் அளவு பார்க்க அது கட்டாயம் வேண்டியிருக்கும்.

3. மூலப் பொருளைத் தேர்ந்தெடுத்தல்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். மூலத்தைத் தவறாக எடுத்துவிட்டால் பின்னால் சரிசெய்ய வழியில்லை, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்டூடியோவில் தனிப்பொருள் உருவாக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடிகளின் பட்டியலுக்குப் போங்கள். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அடிப்படை விளையாட்டிலேயே இருக்கும் கண்ணாடியா என்பது. 2022 அக்டோபர் முதல் அடிப்படை விளையாட்டு இலவசம். நீங்கள் பகிரும் பொருளை இறக்குபவர்களில் பலரிடம் கூடுதல் தொகுப்புகள் எதுவும் இருக்காது. தொகுப்பில் வந்த கண்ணாடியை நகலெடுத்தால் அவர்களிடம் அது ஒழுங்காக வேலை செய்யும் என்ற உறுதி இல்லை.

இரண்டாவது, தரையில் நிற்பதா, சுவரில் தொங்குவதா. சுவர்க் கண்ணாடியின் மெஷ்ஷைக் கீழே இழுத்துத் தரையைத் தொட வைத்தாலும் விளையாட்டு அதைச் சுவர்ப் பொருளாகவே நடத்தும். அறையின் நடுவே வைக்க விடாது.

மூன்றாவது, எத்தனை கட்டம் பிடிக்கிறது. பொருளின் கால்தடம், அதாவது தரையில் அது பிடிக்கும் இடம், மூலத்திலிருந்து வருவது. ஒரு கட்டக் கண்ணாடியை நகலெடுத்து ஒன்றரைக் கட்ட அகலத்தில் சட்டம் செய்தால் பக்கத்து அலமாரி சட்டத்துக்குள் நுழையும், விளையாட்டின் பாத்திரங்களான சிம்கள் அதன் ஊடாகவே நடப்பார்கள். உங்கள் வடிவத்துக்குச் சமமான அல்லது சற்றே பெரிய தடமுள்ள மூலத்தை எடுங்கள்.

நான்காவது, கண்ணாடித் தளத்தின் சாய்வு. பிரதிபலிப்பு ஒரே ஒரு சமதளத்துக்குக் கணக்கிடப்படுகிறது. சாய்ந்த கண்ணாடி வேண்டுமென்றால் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் மூலத்தை எடுங்கள். செங்குத்தானது வேண்டுமென்றால் செங்குத்தானதை எடுங்கள். கோணத்தை மாற்றாமல் தளத்தின் எல்லையை மட்டும் மாற்றினால், பிறகு ஏதாவது கோளாறு வந்தாலும் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறையும்.

தேர்ந்தெடுத்ததும், உங்கள் பொருள் அடங்கும் பேக்கேஜ் கோப்புக்குப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். படைப்பாளர் பெயர், அடிக்கோடு, பொருளின் பெயர் என்ற வரிசையில், இடைவெளி இல்லாமல் வைத்தால் பின்னால் தேட எளிது.

4. மெஷ்ஷை ஏற்றுமதி செய்து பாகங்களை அடையாளம் காணுதல்

மெஷ் பகுதியில் எல்ஓடி (கேமராவின் தூரத்துக்கு ஏற்ப மாறும் விவர நிலை) என்ற தேர்வுப் பட்டி இருக்கும். உயர், நடு, குறை என்று மூன்று விவர நிலைகளும், நிழலுக்கான நிலைகளும் அதில் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக இப்போதே ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

உயர் நிலைக் கோப்பைப் பிளெண்டரில் திறந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட மெஷ் குழுக்கள் தெரியும். பெயர்கள் எண்ணில் முடியும். ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்து எது சட்டம், எது கண்ணாடித் தளம், எது தரையில் விழும் நிழல் தகடு என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள். குறை நிலைக் கோப்பில் குழுக்களின் எண்ணிக்கையே குறைந்திருக்கலாம். ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்வதே பத்திரம்.

5. கண்ணாடித் தளம்

சட்டத்துக்கு முன் தளத்தை முடியுங்கள். சட்டம் தளத்தைச் சுற்றிப் பொருந்த வேண்டியது. தலைகீழாகச் செய்தால், சட்டத்தின் வளைவுக்கு ஏற்பத் தளத்தை இழுக்கும்போது ஒரு முனையாவது சமதளத்தை விட்டு விலகிவிடும்.

புதிய தகடு எதையும் உருவாக்க வேண்டாம். மூலத்தில் இருக்கும் கண்ணாடிக் குழுவையே தேர்ந்தெடுத்து, எடிட் நிலையில் அதன் முனைகளை மட்டும் நகர்த்துங்கள். அப்போதுதான் மெட்டீரியல், குழு எண், வெர்டெக்ஸ் குரூப் (முனைகளின் தொகுதி), யூவி (படம் பரப்பில் எங்கே ஒட்டும் என்ற விரிப்பு) எல்லாம் அப்படியே நிற்கும்.

பிளெண்டரின் ஒரு அலகு விளையாட்டின் ஒரு கட்டம். 0.6 அலகு அகலமும் 1.6 அலகு உயரமும் ஆள் உயரக் கண்ணாடிக்குச் சரியாக இருக்கும். கீழ் விளிம்பு தரையிலிருந்து 0.15 அலகு மேலே இருக்கட்டும்.

செவ்வகத் தளத்துக்கு நான்கு முனைகளும் இரண்டு முக்கோணங்களும் போதும். மேற்புறம் வளைவாக வேண்டுமென்றால் மேல் விளிம்பைப் பத்துப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து வளையுங்கள். முனைகளைக் கூட்டலாம், ஆனால் எல்லாம் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

செங்குத்தான கண்ணாடி என்றால் எல்லா முனைகளையும் தேர்ந்தெடுத்து எஸ், ஒய், 0, என்டர் என்று அழுத்துங்கள். ஒய் அச்சில் இருக்கும் மேடு பள்ளம் முழுவதும் தட்டையாகிவிடும். பிறகு தளத்தை மூலத்தின் ஒய் மதிப்புக்கே திருப்பி வையுங்கள்.

குவிந்த கண்ணாடி, மூன்று மடிப்புள்ள ஒப்பனைக் கண்ணாடி இரண்டையும் இந்த முறையில் முயல வேண்டாம். ஒரே தளத்துக்குக் கணக்கிட்ட பிம்பம், வேறு கோணத்தில் திரும்பியிருக்கும் பரப்பில் பொருந்தாமல் நழுவித் தெரியும்.

கடைசியாக முகத்தின் திசை. பிளெண்டர் 2.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பென்றால் முகத் திசை காட்டும் ஓவர்லேயை இயக்குங்கள். நீலம் தெரிந்தால் முகம் உங்களைப் பார்க்கிறது. சிவப்பு தெரிந்தால் முதுகு காட்டுகிறது, திருப்பிவிடுங்கள்.

6. சட்டம்

சட்டத்தைத் தனிப் பொருளாக அதே கோப்பில் செய்யுங்கள். தளத்தின் விளிம்பை நகலெடுத்து வெளிப்பக்கம் 0.06 அலகு தள்ளி, முன்பக்கம் 0.03 அலகு புடைத்தால் அடிப்படை வடிவம் கிடைத்துவிடும். பூவேலைப்பாட்டை எல்லாம் மெஷ்ஷில் செதுக்க வேண்டியதில்லை. 2000 முக்கோணத்துக்குள் நின்றுகொண்டு, நுண்ணிய வரிகளை நார்மல் மேப்புக்கு (மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டும் படத்துக்கு) விடுங்கள்.

பின்பலகை வைக்கிறீர்கள் என்றால் அதற்கும் கண்ணாடித் தளத்துக்கும் நடுவே 0.01 அலகு இடைவெளி விடுங்கள். இரண்டும் ஒரே ஆழத்தில் இருந்தால் எது முன்னால் என்று விளையாட்டுக்குத் தெரியாது. கேமரா விலகும்போது கண்ணாடியில் கோடு கோடாக நடுக்கம் வரும்.

சட்டத்தின் உள்விளிம்பு கண்ணாடியை எல்லாப் பக்கமும் 0.01 அலகாவது மூடட்டும். விளிம்போடு விளிம்பாக நிறுத்தினால் மூலையில் வெளிச்சம் கசிவதுபோல் மெல்லிய கீற்று தெரியும்.

வேலை முடிந்ததும் கண்ட்ரோல் + ஏ கொடுத்து அளவையும் சுழற்சியையும் நிலைப்படுத்துங்கள். மாடிஃபையர்கள் இருந்தால் அவற்றையும் நிலைப்படுத்துங்கள். இதை விட்டுவிட்டால் பிளெண்டரில் சரியாகத் தெரிந்தது விளையாட்டில் வேறு அளவில் வந்து நிற்கும்.

7. சட்டத்தை மூலக் குழுவோடு இணைத்தல்

இந்தப் படியின் வரிசையை மாற்றவே கூடாது.

அ. புதிய சட்டத்தின் யூவி மேப் பெயரைப் பாருங்கள். பிளெண்டர் தானாக வைத்த ‘யூவிமேப்’ (UVMap) என்ற பெயர் இருக்கும். மூலக் குழுவில் இருப்பது ‘யூவி_0’ (uv_0). எழுத்து மாறாமல் அதே பெயரைப் புதிய சட்டத்துக்கும் வையுங்கள். பெயர் பொருந்தாமல் இணைத்தால் நீங்கள் விரித்து வைத்த யூவி கைவிட்டுப் போய்விடும்.

ஆ. முதலில் புதிய சட்டத்தையும், பிறகு மூலச் சட்டக் குழுவையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் + ஜே அழுத்துங்கள். கடைசியாகத் தேர்ந்தெடுத்ததன் பெயரும் குழு எண்ணும்தான் நிலைக்கும். வரிசை மாறினால் ஸ்டூடியோவுக்கு அந்தக் குழுவை அடையாளம் தெரியாது.

இ. எடிட் நிலைக்குப் போய்ப் பழைய சட்டத்தின் முனைகளை மட்டும் நீக்குங்கள். பழைய துண்டு ஒன்றின் மேல் மவுஸை வைத்து எல் விசையை அழுத்தினால் அந்தத் துண்டு முழுவதும் தேர்வாகும்.

ஈ. மிச்சமுள்ள எல்லா முனைகளையும் தேர்ந்தெடுத்து, மூலத்தில் இருந்த வெர்டெக்ஸ் குரூப்புக்கு 1 என்ற எடையில் ஒதுக்குங்கள். புதிதாகச் செய்த முனைகளுக்கு எந்தக் குரூப்பும் கிடையாது. இணைத்தாலே வந்துவிடும் என்று நினைத்து இதை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

கண்ணாடிக் குழுவைச் சட்டத்தோடு சேர்த்து இணைத்துவிடாதீர்கள். சேர்ந்துவிட்டால் தளம் சட்டத்தின் மெட்டீரியலுக்கு மாறிவிடும், பிரதிபலிப்பு போய்விடும்.

நிழல் தகட்டை எக்ஸ், ஒய் அச்சுகளில் மட்டும் புதிய அளவுக்கு ஏற்ப விரியுங்கள். உயரத்தில் தொடாதீர்கள். மேலே தூக்கினால் நிழல் மிதக்கும், கீழே இறக்கினால் தரைக்குள் மறையும்.

8. படங்களும் பித்தளை மினுக்கமும்

டிஃப்யூஸ் படத்தை, அதாவது பொருளின் நிறப் படத்தை ஏற்றுமதி செய்து, அதன் அளவை மாற்றாமல் வேலை செய்யுங்கள். பெரிதாக்கியே ஆக வேண்டுமென்றால் 512, 1024, 2048 என்ற வரிசையில்தான் போக வேண்டும்.

சட்டமும் கண்ணாடியும் ஒரே படத்தைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். கண்ணாடிக் குழுவின் யூவி படத்தின் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைத் தொடாமல் சட்டத்தை மற்ற இடத்தில் விரியுங்கள்.

பித்தளைக்கு நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் இருண்ட நிறம் எடுங்கள். சிவப்பு 150, பச்சை 115, நீலம் 60 என்பதில் தொடங்கலாம். விளக்கொளியின் மினுக்கம் இதற்கு மேல் கூடும். முதலிலேயே பளீரென்ற மஞ்சள் வைத்தால் பகலில் பிளாஸ்டிக்போல இருக்கும். வெள்ளைக் கீற்றுகளை வரைந்து பளபளப்புக் காட்டவும் வேண்டாம். கேமரா சுற்றும்போது அந்தக் கீற்று அசையாமல் நிற்கும், போலி என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது ஸ்பெகுலர் மேப். மதிப்புகளை ஊகிப்பதைவிட விளையாட்டிலிருந்தே எடுப்பது நல்லது. பளபளப்பான குழாய் ஒன்று, மங்கலான மர நாற்காலி ஒன்று என இரண்டு பொருள்களின் ஸ்பெகுலரை ஸ்டூடியோவிலிருந்து ஏற்றுமதி செய்து கிம்ப்பில் அருகருகே திறங்கள். நிறம் எடுக்கும் கருவியால் இரண்டின் மதிப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபா சானலின் மதிப்பையும் சேர்த்துக் குறியுங்கள். உலோகத்தின் மதிப்பைச் சட்டத்துக்கும், மரத்தின் மதிப்பைப் பின்பலகைக்கும் பூசுங்கள். வேலைப்பாட்டின் பள்ளங்களில் மதிப்பைக் கொஞ்சம் குறைத்தால் பழைய பித்தளையின் தோற்றம் வரும்.

கிம்ப்பிலிருந்து பிஎன்ஜி-யாகச் சேமிக்கும்போது, ஒளிபுகும் பிக்சல்களின் நிற மதிப்புகளையும் சேமிக்கும் தேர்வு இருக்கிறது. அதில் டிக் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் ஆல்ஃபா 0 உள்ள இடங்களில் நிறத் தகவல் அழிந்துவிடும். டிடிஎஸ் என்ற பட வடிவில் சேமிப்பவர்கள் டிஎக்ஸ்டி5 அழுத்த முறையைத் தேர்ந்தெடுத்து மிப்மேப்களையும் (படத்தின் சிறிதாக்கிய நகல்களையும்) உருவாக்குங்கள். டிஎக்ஸ்டி1-இல் படிப்படியான ஆல்ஃபாவுக்கு இடமில்லை.

நார்மல் மேப்பை மறந்துவிடுகிறார்கள். மூலச் சட்டத்தில் செதுக்கு வேலை இருந்திருந்தால், அதன் தடம் உங்கள் புதிய சட்டத்தில் பேய்போல் தெரியும். வேலைப்பாடு எதுவும் இல்லாத பொருளின் தட்டையான நார்மல் மேப்பை எடுத்து மாற்றுங்கள், அல்லது உங்கள் வடிவத்துக்கென்று புதிதாகச் செய்யுங்கள்.

9. மற்ற விவர நிலைகள்

உயர் நிலை முடிந்ததும் நடு நிலைக்கு முக்கோணங்களைப் பாதியாகவும், குறை நிலைக்கு மறுபடி பாதியாகவும் குறையுங்கள். சட்டத்தை மட்டும் குறைக்க வேண்டும். கண்ணாடித் தளத்தின் மேல், முக்கோணங்களைக் குறைக்கும் டெசிமேட் மாடிஃபையரைப் போட்டால் வளைந்த மேல் விளிம்பு கோணலாகும். நிழல் நிலைகளுக்குக் குறை நிலையின் சட்டமே போதும்.

ஒவ்வொன்றையும் அதற்குரிய ஏற்றுமதிக் கோப்பிலேயே வைத்துச் சேமியுங்கள். உயர் நிலைக் கோப்பை அப்படியே எல்லா நிலைகளுக்கும் உள்ளே கொடுத்தாலும் வேலை செய்வதுபோல் தெரியும். ஆனால் வீட்டில் பத்துக் கண்ணாடி வைத்தவரின் கணினி திணறும்.

10. ஸ்டூடியோவுக்குள் திரும்பக் கொண்டுவருதல்

மெஷ்களை உயர் நிலையில் தொடங்கி ஒவ்வொன்றாக இறக்குமதி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் முன்னோட்டத்தில் சட்டம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணாடியை அங்கே மதிப்பிட வேண்டாம், பிரதிபலிக்க அங்கே அறையே இல்லை.

படங்களைப் போட்ட பிறகு ஒவ்வொரு ஸ்வாட்ச்சையும் (பொருளின் நிற வகையையும்) சொடுக்குங்கள். முதல் ஸ்வாட்ச்சில் மாற்றிய ஸ்பெகுலர் மற்றவற்றுக்கும் போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே நகருங்கள். பெயர், விலை, விளக்கம் மூன்றையும் நிரப்பிச் சேமியுங்கள்.

11. விளையாட்டில் சோதனை

விளையாட்டை மூடிவிட்டு, பேக்கேஜ் கோப்பை ஆவணங்கள் கோப்புறையில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், தி சிம்ஸ் 4, மாட்ஸ் என்ற வரிசையில் போய் வையுங்கள். அதே தி சிம்ஸ் 4 கோப்புறையில் இருக்கும் ‘லோக்கல்தம்ப்கேஷ்.பேக்கேஜ்’ (localthumbcache.package) கோப்பை நீக்குங்கள். நீக்கினால்தான் பழைய சிறுபடம் போய்ப் புதியது வரும். விளையாட்டு அதைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

விளையாட்டு அமைப்புகளில் தனிப்பயன் உள்ளடக்கத்தையும் மாட்களையும் அனுமதிக்கும் தேர்வை இயக்கி, மறுபடி தொடங்குங்கள். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் இந்தத் தேர்வு தானாக அணைந்துவிடும்.

காலி அறையில் உங்கள் கண்ணாடியையும், நகலெடுத்த மூலக் கண்ணாடியையும் அருகருகே நிறுத்துங்கள். எதிரே ஒரு நிறமான நாற்காலியும் ஒரு விளக்கும் வையுங்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் எந்தக் கோளாறையும் ஆராயாதீர்கள். மூலமும் மங்கலாக இருந்தால் கோளாறு உங்கள் கோப்பில் இல்லை, கிராபிக்ஸ் அமைப்பில் இருக்கிறது. பிரதிபலிப்பு, லேப்டாப் முறை ஆகிய அமைப்புகளை அங்கே பாருங்கள்.

பிறகு நான்கு திசையிலும் திருப்பிப் பாருங்கள். பகலிலும் இரவிலும் பாருங்கள். கேமராவை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து வடிவம் எங்கே மாறுகிறது என்று கவனியுங்கள். ஒரு சிம்மை அழைத்து வந்து கண்ணாடி முன் நிறுத்துங்கள். சோதனை முடியும்வரை பொருள்களை எங்கும் வைக்க விடும் ‘பிபி.மூவ்ஆப்ஜெக்ட்ஸ் ஆன்’ (bb.moveobjects on) என்ற ஏமாற்றுக் கட்டளையை இயக்காதீர்கள். அது கால்தடச் சிக்கல்களை மறைத்துவிடும்.

12. அறிகுறியும் காரணமும்

கண்ணாடி சாம்பல் நிறத் தகடாகத் தெரிகிறது, பக்கத்திலிருக்கும் மூலம் சரியாகக் காட்டுகிறது: தளம் சட்டக் குழுவோடு இணைந்துவிட்டது, அல்லது வேறு குழு எண்ணில் போயிருக்கிறது. 7-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

தளமே இல்லை, ஊடே சுவர் தெரிகிறது: முகம் பின்பக்கம் திரும்பியிருக்கிறது.

பிம்பம் வளைகிறது அல்லது நழுவுகிறது: ஒரு முனையாவது சமதளத்தில் இல்லை. உயர் நிலையில் சரியாக இருந்தால் மற்ற நிலைகளின் தளத்தைப் பாருங்கள்.

தூரத்தில் பழைய கண்ணாடி தெரிகிறது: நடு அல்லது குறை நிலையை இறக்குமதி செய்யவில்லை. நிழல் மட்டும் பழைய வடிவில் விழுந்தால் நிழல் நிலை விடுபட்டிருக்கிறது.

சட்டம் முழுக்க ஒரே நிறமாகவோ கோணல்மாணலாகவோ இருக்கிறது: யூவி பெயர் பொருந்தாமல் இணைத்திருக்கிறீர்கள்.

பித்தளை மினுங்கவே இல்லை: ஸ்பெகுலரின் ஆல்ஃபா சேமிப்பில் தொலைந்திருக்கிறது. ஸ்டூடியோவிலிருந்து அதைத் திரும்ப ஏற்றுமதி செய்து கிம்ப்பில் திறந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது கண்ணாடி செய்ததும் முதலாவது பட்டியலிலிருந்து காணாமல் போகிறது: பேக்கேஜ் கோப்பைக் கோப்புறையிலேயே நகலெடுத்துப் பெயர் மாற்றியிருக்கிறீர்கள். கோப்பின் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் மாறாது. ஒரே எண்ணில் இரண்டு பொருள் இருந்தால் விளையாட்டு ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்ளும். புதிய கண்ணாடிக்கு ஸ்டூடியோவிலேயே மறுபடி நகலெடுத்துத் தொடங்கி, முடித்து வைத்த பிளெண்டர் கோப்புகளை அதில் இறக்குமதி செய்யுங்கள்.